நத்தைக்கு ஒரு வாசல்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. எங்கள் மகள், எட்டு வயது. மனைவியின் அண்ணன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அப்புறம் குளியலறையில் ஒரு நீல பிளாஸ்டிக் பேசின். பேசினில் ஐந்து நத்தை.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட வந்த மச்சான் கை கழுவப் போனார். அங்கிருந்தே கத்தினார்.

“இன்னாம்மா இது, குளிக்கிற எடத்துல நத்தை கீது?”

“பாடம்ணா,” என்றாள் என் மனைவி.

“பாடமா? இது மூலத்துக்கு மருந்தும்மா. மொளவு போட்டு வறுத்தா இன்னா ருசி தெரியுமா?”

மகள் ஓடிப்போய் பேசின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, தொடாத. எண்ணி வெச்சிக்கீறேன்.”

மகள் பள்ளிக்கூடம் போவதில்லை. ஒன்றாம் வகுப்பு இரண்டு மாதம் போனாள். தினமும் வேனில் வாந்தி. மச்சான் வேன் இல்லை, வேறு ஒருவர் வேன். மச்சான் இதை இன்றைக்கும் சொல்வார்: “அது அவன் வேன். என் வேன்ல வாந்தி வராது.” என் மனைவி பிளஸ் டூ படித்தவள். நானே சொல்லித் தருகிறேன் என்று நிறுத்திவிட்டாள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் இப்படி வீட்டிலேயே சொல்லித் தரும் அம்மாக்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வாட்சப் குழு. இரண்டு வருடமாக எங்கள் வீடு அதில்தான் ஓடுகிறது.

மச்சானுக்கு இது ஆறவே இல்லை. அவர் வேனில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு சீட். அதில் யாரையும் உட்கார விடமாட்டார். துண்டு போட்டு வைத்திருக்கிறார். தங்கச்சி மகளுக்கு. இரண்டு வருடமாகத் துண்டுதான் போய் வருகிறது.

எனக்கும் மச்சான் கட்சிதான். நான் ஐந்தாவதோடு நின்றவன். மகள் பை மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்க ஆசை. சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அந்த மாதம் குழுவில் வந்த வேலை இது. வீட்டில் இருக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ள வேண்டும். அதே சிக்கலை ஒரு செடியோ பூச்சியோ எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்து ஒரு பொருள் செய்ய வேண்டும். மனைவி ஒரு காகிதத்தில் ஆறு வரி எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். கேள். பார். வரை. செய். சோதித்துப் பார். திரும்பச் செய்.

நான் படித்துப் பார்த்தேன். என் கிரில் கடையிலும் இதைத்தான் செய்கிறோம். கேட்பது மட்டும் கிடையாது. திரும்பச் செய்வது நிறைய உண்டு.

முதலில் கேட்க வேண்டும். மகள் நோட்டோடு என்னிடம் வந்தாள்.

“ப்பா, இந்த ஊட்ல உனுக்கு இன்னா பிரச்சன?”

“ஒண்ணுமில்ல.”

“அப்பாவுக்கு ஒன்றுமில்லை” என்று எழுதிக்கொண்டாள். அம்மாவிடம் போனாள். இரண்டு பக்கம் நிறைந்தது. அதில் நான் நான்கு இடத்தில் வந்தேன். மாமாவுக்குப் போன் போட்டாள். “நீ ஸ்கூலுக்குப் போவாததுதான் பிரச்சன,” என்றார் அவர். அதையும் எழுதிக்கொண்டாள்.

அம்மா சொன்னதில் முதல் வரி மழைத்தண்ணீர்.

சேக்காட்டில் நாங்கள் வீடு கட்டும்போது வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு ஏறியது. இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். மழை பெய்தால் தெருத் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வரும். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்திருக்கிறோம். வெயில் காலத்திலும் எடுப்பதில்லை. எடுத்து என்ன செய்வது.

அடுத்தது பார்ப்பது. பக்கத்தில் காலி மனை. வருடத்தில் ஆறு மாதம் அதில் தண்ணீர் நிற்கும். கோரை, கொசு, நத்தை. மகள் நான்கு நாள் அதன் ஓரத்தில் குந்தியிருந்தாள். ஐந்தாம் நாள் நத்தைகளோடு வந்தாள்.

ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டாள். உள்ளே போனது. போகும்போது காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு மூடியை இழுத்து மூடிக்கொண்டது. நகம் போகவில்லை.

“இதுக்குள்ள தண்ணி போவாதுப்பா,” என்றாள். “நம்ம ஊட்டுக்கு இது மாரி ஒண்ணு வேணும்.”

நான் அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடைவெளி இல்லை. நல்ல வேலை.

நத்தை ஐந்தும் பேசினில் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றை சிலிண்டர் மேல் பார்த்தோம். ஒன்று என் ஹெல்மெட்டில் இருந்தது. நெமிலிச்சேரிப் பக்கம்தான் என் கடை. பட்டாபிராம் வரைக்கும் அதோடு போய்விட்டேன். நடுவில் தலை குளிர்ந்தது. காற்று என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாப்பிட்டுக்கொண்டே மச்சான் மகளிடம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

“சரி கண்ணு. ஒரு பேச்சு பேசிக்கலாம். இந்த மழைக்கு தண்ணி உள்ள வராம பண்ணிக் காட்டு. மாமா இனிமே வாயே தொறக்க மாட்டேன். வந்துச்சின்னா ஜூன் மாசம் என் வேன்ல ஏறிடணும். ஜன்னல் சீட்டு.”

“கொஞ்சமா வந்தா?”

“கொஞ்சம்னா எத்தினி?”

மகள் யோசித்தாள். “வாரி ஊத்தறப்ப எண்ணுவோம். பத்து வாளி ரொம்புச்சின்னா வேன்ல வரேன்.”

“பச்ச வாளியா, செவப்பு வாளியா?”

“பச்ச வாளி.”

“அது பெர்சு. சின்னது வெய்யி.”

“அதுலதான மாமா எப்பவும் வார்றோம்.”

“ஒரு மழைதான்.”

“இல்ல மாமா. திரும்பச் செய்னு போட்டுக்கீது, பாரு.” ஃப்ரிட்ஜைக் காட்டினாள். கார்த்திகை முடிய என்று முடிவாயிற்று. மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

மகள் பிஸ்கட் டப்பாவில் வீடு செய்தாள். வாசல் வெட்டினாள். தெர்மோகோலில் மூடி, ஓரத்தில் ரப்பர் பேண்டு ஒட்டினாள். வாளித் தண்ணீரில் இறக்கிப் பார்த்தோம். ஏழாவது மூடியில் உள்ளே நனையவில்லை. அதை வரைந்து அளவு போட்டு என்னிடம் கொடுத்தாள்.

நான் கடையில் செய்தேன். கனமான தகடு, இரண்டடி உயரம். நாலு பக்கமும் இரும்பு ஆங்கிள் சட்டம். ஓரத்தில் லாரி டியூப் வெட்டி இரண்டு மடிப்பு. பழக்கதோஷம், நடுவில் ஒரு தாமரைப் பூ வெட்டுவதற்குச் சாக்கட்டியால் வரைந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்.

“பூ வழியா தண்ணி வராதாப்பா?”

அழித்துவிட்டேன்.

பொருத்தும்போது ஒரு தகராறு. வாசல் நிலையில் துளை போட டிரில்லை எடுத்தேன். மனைவி குறுக்கே நின்றாள்.

“மஞ்ச குங்குமம் வெச்ச நெல. அதுல ஓட்ட போடுவியா?”

“நாலு போல்ட்டுதான்.”

“என் தலைல போடு.”

வெளிச்சுவரில் இரண்டு பக்கமும் சேனல் அடித்தேன். தகட்டை மேலிருந்து இறக்கி, போல்ட்டை முடுக்க வேண்டும். மனைவி தகட்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினாள். தெருவில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். மச்சானும் வந்தார். இரண்டடித் தகட்டைத் தாண்டும்போது முழங்காலில் இடித்துக்கொண்டார்.

“மாப்ள, இது ஊடா, ஏரி மதகா?”

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. மதியம் மழை பிடித்துக்கொண்டது. நான் கடையைச் சாத்திவிட்டு வந்தேன். தகட்டை இறக்கி முடுக்கினேன். தெருவில் தண்ணீர் ஏறியது. படியை மூடியது. தகட்டில் ஒரு சாண் ஏறியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

எதிர்வீட்டுக்காரர் அவர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்று எங்களைப் பார்த்தார். மனைவி வீடியோ எடுத்துக் குழுவில் போட்டாள். கை தட்டும் படங்கள் வந்தன. மகள் கூடத்தின் நடுவில் காய்ந்த தரையில் படுத்து உருண்டாள். நான் சிரித்தேன் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

“ப்பா, பேசின் வருது.”

திரும்பினேன். குளியலறையிலிருந்து நீல பேசின் கூடத்துக்குள் மெதுவாக மிதந்து வந்தது. உள்ளே ஐந்து நத்தையும் இருந்தன. ஐந்தும் மூடிக்கொண்டிருந்தன. பின்னாலேயே தண்ணீர்.

குளியலறையில் தண்ணீர் போகும் ஜாலி வழியாகப் பொங்கியிருக்கிறது. கக்கூஸ் வழியாகவும். கலீஜு. நாங்கள் மூன்று பேரும் வாசலைக் காத்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் மழை விட்டது. தெருவில் தண்ணீர் இறங்கியது. எதிர்வீட்டில் வந்த தண்ணீர் வந்த வழியே தெருவுக்குப் போய்விட்டது. அவர் துடைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் அப்படியே நின்றது. கரித்துணி ஒன்று ஜாலியில் போய் அடைத்துக்கொண்டது, கக்கூஸும் அடைப்பு. வாசலில் என் தகடு. போல்ட்டைக் கழற்றித் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த தண்ணீர் அதைச் சேனலோடு அழுத்திப் பிடித்திருந்தது. டியூப் அசையவில்லை. நல்ல வேலை.

மச்சான் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தார். தகட்டுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். நாங்கள் கணுக்கால் தண்ணீரில் நின்றோம்.

“இன்னா மாப்ள, நீச்சல் கொளமா? டிக்கெட்டு எங்க குடுக்கறாங்க?”

அவரே பேண்ட்டை மடித்துக்கொண்டு தாண்டி வந்து வாளியை வாங்கினார். தகட்டுக்கு மேலே தூக்கித் தூக்கி ஊற்றினோம். மகள் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டாள். எண்பத்து மூன்று வாளி. அதற்கு முந்தைய வருடம் தகடு இல்லாமல் நாற்பது இருக்கும்.

“ஜன்னல் சீட்டு,” என்றார் மச்சான்.

“கார்த்திக முடியலயே மாமா,” என்றாள் மகள். மச்சான் வாளியைக் கவிழ்த்து வைத்தார். குழுவில் மனைவிக்கு இன்னும் பாராட்டு வந்துகொண்டிருந்தது. அவள் போனை அணைத்து வைத்தாள்.

மறுநாள் மகள் நத்தையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

“ப்பா, நத்தைக்கு ஒரு வாசல்தாம்ப்பா. நம்ம ஊட்டுக்கு எத்தினி?”

“முன்னால ஒண்ணு. பின்னால ஒண்ணு.”

“தண்ணிக்கு?”

கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். இரண்டு பேரும் வீடு பூரா தவழ்ந்து பார்த்தோம். குளியலறை ஜாலி, கக்கூஸ், சிங்க் குழாய், வாஷிங் மெஷின் குழாய், பின்கதவின் அடி, கேபிள் வரும் ஓட்டை, முன்வாசல். ஏழு. எத்தனையோ வீட்டுக்குக் கிரில் போட்டிருக்கிறேன். திருடன் வரும் வழி எனக்குத் தெரியும். தண்ணீர் வரும் வழியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மகள் இன்னொன்றும் கண்டுபிடித்தாள். நத்தையின் மூடி கெட்டி. ஆனால் அது நிற்பது மெத்தென்ற சதை மேல். சதைதான் பிதுங்கி ஓரத்தை அடைக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஓட்டைக்கும் அடியில் மெத்தென்று ஒன்று, மேலே கெட்டியாக ஒன்று.

மெத்தென்றதற்கு மணல் மூட்டை. நீர் புகாத துணி வேண்டும். மச்சானுக்கு விஷயம் போயிற்று. மறுநாள் ஒரு சுருட்டு ரெக்ஸினோடு வந்தார். சீட் உறை.

“இன்னாண்ணா, வேன்லருந்து கிழிச்சிகினு வந்தியா?”

“மத்த சீட்லலாம் புள்ளைங்க குந்துதுங்களே. காலியா கீறது ஒண்ணுதான.”

“நீ தோக்கற வேலைய நீயே பண்றியே.”

“இன்னாத்துக்கு தோக்கறேன்? கார்த்திகைல ஒரு மழை வரும் பாரு. அப்ப தெரியும்.” துண்டை மட்டும் தோளில் போட்டிருந்தார்.

மனைவி மூட்டைகள் தைத்தாள். நான் மணல் சலித்தேன். சிங்க் குழாய், மெஷின் குழாய், கேபிள் ஓட்டை மூன்றுக்கும் டியூப் துண்டைச் சுருட்டி அடைத்தோம். பின்கதவுக்கு நீள மூட்டை, மேலே என் கடை ஆங்கிள் நாலு. ஜாலிக்கு ஒரு மூட்டை, மேலே அம்மிக்கல். கக்கூஸுக்குப் பெரிய மூட்டை. அதன் மேல் மாவரைக்கும் கிரைண்டரின் கல்லை வைக்கலாம் என்றேன். மனைவி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டேன். கடையில் இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல்லைக் கொண்டுவந்து வைத்தேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே பள்ளிக்கூடம் லீவு என்று செய்தி வந்தது. மச்சானுக்கு வேன் இல்லை. எட்டு மணிக்குக் குடையோடு வந்துவிட்டார். அவர்தான் நடுவர். சாக்கட்டியை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார்.

தகட்டை இறக்கினேன். மழை முன்னதைவிடப் பெரியது. தகட்டில் தண்ணீர் ஏறியது. இந்தத் தடவை யாரும் அங்கே நிற்கவில்லை. மகள் ஏழு ஓட்டையையும் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஒன்பது மணிக்கு மகள் கத்தினாள். கக்கூஸ் மூட்டை எழும்புகிறது. பட்டறைக்கல் ஒரு பக்கம் சாய்ந்தது. மூட்டை ஓரத்தில் கருப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. நான் பின்கதவு மூட்டையைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன். விட முடியாது. மனைவி அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மச்சான்தான் சும்மா நின்றார். ஆள் தொண்ணூறு கிலோ இருப்பார்.

மகள் அவரைப் பார்த்தாள். “மாமா.”

“நானா?”

“மாமா, பிளீஸ்.”

மச்சான் துண்டை எடுத்து மூட்டை மேல் விரித்தார். உட்கார்ந்தார். தண்ணீர் நின்றது.

பிறகு அப்படியே போயிற்று. கசிந்தது கொஞ்சம் கசிந்தது. முன்வாசலில் டியூப் மடிப்பில் ஒரு மூலை சரியில்லை, அதில் வந்தது. மகள் வாரினாள், ஊற்றினாள். மச்சான் உட்கார்ந்த இடத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிய சுவரில் கோடு போட்டார்.

“எத்தினி?”

“நாலு மாமா.”

“ரொம்பலியே அந்த வாளி. டபாய்க்காத.”

“ரொம்பிச்சி. வந்து பாரு.”

“எங்க வந்து பாக்கறது?”

பதினொரு மணிக்கு மனைவி அங்கேயே டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த இடத்தில் வேண்டாம் என்று கொஞ்சம் யோசித்தார். வாங்கிக்கொண்டார்.

“அண்ணா, நீ எழுந்தா நீ ஜெயிச்சிடுவ,” என்றாள் மனைவி.

“தெரியும்.”

“அப்பால?”

“இன்னா அப்பால? குந்திகினுதான கீறேன். போயி புள்ளைக்கு வாளி புடி.”

மணி பன்னிரண்டு. எட்டு வாளி ஆகியிருந்தது. தெருத் தண்ணீர் இறங்கவில்லை. மச்சானுக்குக் கால் மரத்துவிட்டது. ஒரு தொடையை மாற்றி உட்கார்ந்தார். அந்த ஒரு நொடியில் உள்ளே வந்தது ஒரு வாளிக்கு மேல் இருக்கும். மகள் வாரினாள். முகம் சிவந்திருந்தது. நான் பின்கதவிலிருந்து பார்த்தேன். இந்த ஒரு விஷயத்தில் எந்தக் கட்சி என்று அப்போது என்னை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு மணிக்குத் தண்ணீர் தகட்டை விட்டு இறங்கியது. நான் போல்ட்டைக் கழற்றித் தூக்கினேன். இந்தத் தடவை வந்தது. மச்சானை இரண்டு பேர் பிடித்து எழுப்பினோம். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தரையைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். செங்கல் நனையவில்லை.

பச்சை வாளியில் பத்தாவதாக வாரியது இருந்தது. முக்கால் வாளிக்கு வந்திருந்தது. கூடத்தின் மூலையில் இன்னும் கொஞ்சம் ஈரம். மகள் கரித்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிழிந்தால் வாளி நிறைந்தாலும் நிறையும்.

மச்சான் அவள் கையிலிருந்து துணியை வாங்கினார். மூலையைத் துடைத்தார். வாசலுக்குப் போய்த் தெருவில் பிழிந்தார்.

“முக்காலுலாம் கணக்கு இல்ல,” என்றார். “ரொம்புனாதான் வாளி. அப்டிதான பேசிக்கினோம்?”

காதில் இருந்த சாக்கட்டியை மகளிடம் கொடுத்தார். மகள் ஃப்ரிட்ஜ் காகிதத்தில் “சோதித்துப் பார்” என்ற வரிக்குப் பக்கத்தில் எழுதினாள். சாக்கட்டி காகிதத்தில் பிடிக்கவில்லை. பேனா எடுத்து வந்து திரும்ப எழுதினாள்.

ஒன்பது.